பவளத் தொட்டியில் ஒழுக்கு அமைப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

கடல் தொட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது விளக்கைப் பற்றித்தான். எத்தனை வாட், எவ்வளவு நீலம், எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று முதல் பார்வையிலேயே கேட்டவர் ஒரே ஒருவர். கன்னியாகுமரி மாவட்டக் கரையில் நீரோடி என்ற ஊரில் வள்ளத்தில் போகிற அண்ணன், எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவருபவர். என் தொட்டியை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, “இதுல ஒழுக்கு எந்தப் பக்கம் தம்பி?” என்றார். கொல்லங்கோட்டில் நீரோட்டத்துக்கு அதுதான் பெயர். கேரள எல்லை தாண்டிப் பொழியூர், பாறசாலை போனாலும் அதே சொல்தான். இந்த வழிகாட்டியிலும் அப்படியே எழுதுகிறேன்.

ஷார்ஜாவில் வேலை பார்த்த காலத்தில்தான் பவளம் வளர்க்கப் பழகினேன். ஊர் திரும்பியபின் இங்கே 3 அடித் தொட்டி ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு இடத்திலும் நான் இழந்த பவளங்களில் பாதிக்கு மேல் ஒழுக்குத் தவறால் போனவை. அதனால்தான் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

தொடங்கும் முன் சட்டம் பற்றி ஒரு வார்த்தை. வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதல் அட்டவணையில் 2001 முதல் கல் பவளங்கள் எல்லாம் இருக்கின்றன. நம் கடலிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கக் கூடாது, எடுத்து விற்பவரிடம் வாங்கவும் கூடாது. இங்கே என் தொட்டியில் இருப்பவை மஷ்ரூம், சோவா, லெதர் போன்ற கல் எலும்பில்லாத வகைகள் மட்டுமே. டார்ச், ஹேமர், அக்ரோபோரா பற்றி எழுதுவதெல்லாம் ஷார்ஜா அனுபவம். வளைகுடாவில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் தொட்டி வைத்திருப்பதால் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒழுக்கு எதற்கு?

குளத்தில் கழுத்தளவு தண்ணீரில் அசையாமல் நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் உடம்பைச் சுற்றியிருக்கும் தண்ணீர் வெதுவெதுப்பாகிவிடும். கையை ஒரு வீசு வீசினால் குளிர்ந்த தண்ணீர் வந்து தொடும். அதுவரை நம்மோடு ஒட்டிக்கொண்டு நின்றது மெல்லிய தேங்கிய நீர்ப்படலம். பவளத்தின் மேலும் இதே படலம் உண்டு. அதற்குக் கை வீசத் தெரியாது, இடம் மாறவும் முடியாது. அந்தப் படலத்தைக் கலைப்பது ஒழுக்கின் வேலை.

படலம் கலையாவிட்டால் என்ன ஆகும்? பகலில் பவளத்தின் சதைக்குள் வாழும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து ஆக்சிஜனைக் கொட்டுகிறது. அது வெளியேறாமல் தேங்கினால் ஒளிச்சேர்க்கையே மந்தமாகும், சதைக்கும் கேடு. இரவில் நிலைமை தலைகீழ்: ஆக்சிஜன் உள்ளே வந்தாக வேண்டும். கல் எலும்பு கட்டத் தேவையான கால்சியமும் கார்பனேட்டும், தின்னக் கிடைக்கும் துகளும் அந்தப் படலத்தைத் தாண்டித்தான் வருகின்றன. பவளம் தன் மேல் விழும் தூசியைச் சளியில் பிடித்து உதறும், அந்தச் சளியை அடித்துக்கொண்டு போகவும் ஓட்டம் வேண்டும். விலை உயர்ந்த விளக்கு வாங்கிவிட்டு ஒழுக்கில் கஞ்சத்தனம் செய்தால், கொடுக்கும் வெளிச்சத்தைப் பவளத்தால் முழுதாகப் பயன்படுத்த முடியாது.

1998-இல் உலகின் பல கடல்களில் வெப்பத்தால் பவளங்கள் வெளிறின. அதன்பின் ஒகினாவாவில் நடந்த சோதனைகளில், நல்ல ஓட்டத்தில் இருந்த பவளங்கள் சூட்டை அதிகம் தாங்கின. ஏப்ரல், மே மாதங்களில் அறையே கொதிக்கும் நமக்கு இது முக்கியமான சேதி.

முதல் படி: கணக்கு

என் தொட்டி 90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம். பெருக்கினால் 182 லிட்டர். பாறை, மணல், மேலே விடும் இடைவெளி எல்லாம் கழித்தால் உண்மையான தண்ணீர் 150 லிட்டர்தான். இந்த 150-ஐ வைத்தே கணக்கிட வேண்டும்.

மஷ்ரூம், சோவா, லெதர் போன்ற வகைகளுக்கு ஒரு மணி நேரத்தில் தொட்டி நீரைப்போல் 15 முதல் 20 மடங்கு. டார்ச், ஹேமர் போன்ற எல்.பி.எஸ். வகைக்கு, அதாவது பெரிய பாலிப் (பவளக் கூட்டத்தின் ஒவ்வொரு சிறு உயிர்) கொண்ட கல் பவளங்களுக்கு, 20 முதல் 30. அக்ரோபோரா போன்ற எஸ்.பி.எஸ். வகைக்கு, அதாவது சிறிய பாலிப் கொண்ட கல் பவளங்களுக்கு, 40-இல் தொடங்கி அதற்கு மேலும் போகலாம். என் கணக்கில் 20 மடங்கு என்றால் மணிக்கு 3000 லிட்டர். நான் 3000 லிட்டர் வேவ்மேக்கர் (தொட்டிக்குள்ளேயே நீரைத் தள்ளும் விசிறி பம்ப்) இரண்டு வாங்கி, இரண்டையும் பாதி வேகத்தில் ஓட்டுகிறேன். ஒன்று கெட்டுப்போனால் மற்றதை முழு வேகத்தில் விட்டுச் சமாளிக்கலாம். பெரிய பம்ப் ஒன்றைவிட நடுத்தர பம்ப் இரண்டு எப்போதும் மேல்.

கீழே இருக்கும் துணைத் தொட்டியான சம்ப்பிலிருந்து தண்ணீரை மேலே தள்ளும் ரிட்டர்ன் பம்ப்பின் கணக்கு வேறு. அதன் வேலை தண்ணீரை, கழிவை நுரையாகப் பிரிக்கும் ஸ்கிம்மருக்கும் ஹீட்டருக்கும் சுற்றிக் கொண்டுவருவது. 4 முதல் 6 மடங்கு போதும். ஆனால் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் எண்ணை நம்ப வேண்டாம், அது உயரம் ஏறாதபோது கிடைக்கும் அளவு. 2000 என்று போட்டிருந்த என் பம்ப் 4 அடி ஏறியதும் கொடுத்தது 900. அளப்பது எளிது. தொட்டிக்குள் தண்ணீர் விழும் குழாயின் வாயை 5 லிட்டர் வாளிக்குத் திருப்பி, நிறைய எத்தனை நொடி என்று பாருங்கள். 20 நொடி என்றால் மணிக்கு 900 லிட்டர்.

இரண்டாம் படி: பாறையை அடுக்குவது

பம்ப் வாங்கும் முன்பே ஒழுக்கில் பாதி முடிவாகிவிடுகிறது, பாறை அடுக்கும்போது.

நீரோடி முதல் குளச்சல் வரை நம் கடற்கரையில் தூண்டில் வளைவுகள் பார்த்திருப்பீர்கள். கல்லைக் கொட்டிக் கடலுக்குள் நீட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மணல் ஏறும், மறுபக்கம் கரை அரிக்கும். தொட்டியின் பின்கண்ணாடியை ஒட்டி மதில்போல் பாறை அடுக்கினால் நடப்பதும் இதுதான். முன்பக்கம் ஓட்டம் அரித்து மணலைக் கிளப்பும், பின்பக்கம் கழிவு மண்டும். அங்கே கை நுழையாது, குழாய் விட்டு உறிஞ்சவும் முடியாது. ஆறு மாதம் கழித்து நைட்ரேட் ஏன் இறங்கவில்லை என்று தலையைப் பிய்த்துக்கொள்வோம்.

அதனால் இரண்டு மூன்று தீவுகளாக அடுக்குங்கள். நான்கு பக்கக் கண்ணாடியிலிருந்தும் 8 முதல் 10 செ.மீ. விடுங்கள். காந்தத் துடைப்பான் தாராளமாகப் போக வேண்டும் என்பதே என் அளவுகோல். பாறைக்கு நடுவே வளைவும் குகையும் இருந்தால் ஓட்டம் உள்ளே புகுந்து வெளியே வரும். அடிப்பாறையை மணல்மேல் பரப்பி வைக்காமல், இரண்டு மூன்று முனைகளில் நிற்கிறமாதிரி கண்ணாடித் தரையிலேயே ஊன்றிவிட்டு, பிறகு மணல் போடுங்கள்.

மூன்றாம் படி: எந்த பம்ப்?

ஒரே அளவு தண்ணீரை ஊசிபோலவும் பீய்ச்சலாம், போர்வைபோலவும் தள்ளலாம். ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 1000 லிட்டர் தண்ணீரை 12 மி.மீ. குழாய் வாய் வழியாக விட்டால், வாயில் அதன் வேகம் நொடிக்குச் சுமார் 2.5 மீட்டர். 60 மி.மீ. விசிறி உள்ள வேவ்மேக்கர் மணிக்கு 3000 லிட்டர் தள்ளினாலும், வாயில் வேகம் நொடிக்கு 30 செ.மீ. அளவுதான். மூன்று மடங்கு தண்ணீர், எட்டில் ஒரு பங்கு வேகம். முதலாவதற்கு நேர் எதிரே இருக்கும் பவளத்தின் சதை கிழியும். இரண்டாவது தொட்டி முழுவதையும் அசைக்கும். ஒழுக்குக்கு வேண்டியது அகன்ற வாயுள்ள விசிறி பம்ப்தான். சிறு வாய் கொண்ட பழைய பவர்ஹெட் பம்ப்பை உப்பு கலக்கும் டிரம்முக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காசு இருந்தால் டி.சி. பம்ப் வாங்குங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், சத்தமும் சூடும் குறைவு. நம் ஊரில் இன்னொரு பெரிய காரணமும் உண்டு, கரண்ட் பற்றிச் சொல்லும்போது வருகிறேன். விலை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், உதிரி விசிறி கிடைக்குமா என்று கேட்டு வாங்குங்கள். சென்னை கொளத்தூரிலிருந்தோ திருவனந்தபுரத்திலிருந்தோ பொருள் வரவேண்டிய நமக்கு, விசிறி உடைந்தால் ஒரு வாரம் போய்விடும்.

நான்காம் படி: எங்கே வைப்பது?

இரண்டு வழி உண்டு. முதல் வழி, ஒரே பக்கக் கண்ணாடியில் மேல்மட்டத்தில் பம்ப்பை வைத்துத் தண்ணீரை நீளவாக்கில் தள்ளுவது. எதிர்க் கண்ணாடியில் மோதி, கீழே இறங்கி, மணலை ஒட்டித் திரும்பி வரும். தொட்டி நீர் மொத்தமும் சைக்கிள் சக்கரம்போல் சுழலும். குறைந்த மின்சாரத்தில் அதிகத் தண்ணீர் அசைவது இந்த முறையில்தான்.

இரண்டாவது, இரு பக்கமும் ஒவ்வொன்று வைத்து எதிரெதிரே மோத விடுவது. மோதும் இடத்தில் ஓட்டம் உடைந்து, எந்தத் திசை என்று சொல்ல முடியாதபடி கலங்கும். பவளங்களுக்கு அந்தக் கலங்கல் பிடிக்கும், ஆனால் இரண்டின் வலுவும் அங்கேயே வீணாகும்.

நான் இரண்டையும் கலந்து செய்கிறேன். இரு பக்கமும் பம்ப் உண்டு, ஆனால் சம வேகத்தில் ஓடுவதில்லை. சில மணி நேரம் இடது பக்கம் வலுவாக, வலது பக்கம் மெதுவாக. பிறகு மாறும். அலை ஏறி இறங்குவதுபோல் சக்கரம் திசை மாறிச் சுழல்கிறது. ஒரே திசையில் எப்போதும் அடித்தால் பவளத்தின் ஒரு பக்கம் ஓயாமல் அடிபடும், மறைவுப் பக்கம் தேங்கும். திசை மாறுவது வேகத்தைவிட முக்கியம் என்று அனுபவத்தில் உறுதியாக நம்புகிறேன். கன்ட்ரோலர் இல்லாதவர்கள் இரண்டு டைமர் பிளக் வைத்தே இதைச் செய்யலாம்.

உயரம்: நீர்மட்டத்துக்கு 8 முதல் 12 செ.மீ. கீழே. மேல்பரப்பு நன்றாக அலைய வேண்டும், ஆனால் பம்ப்பின் மேல் சுழி விழுந்து காற்றை இழுக்கக் கூடாது. இழுத்தால் தொட்டி முழுக்க நுண்குமிழ் பரவும். மேல்பரப்பு அலைவதில்தான் ஆக்சிஜன் கரைகிறது, கார்பன் டை ஆக்சைடு வெளியேறுகிறது. எண்ணெய்ப் படலம்போல் ஏதாவது மிதந்தால் மேல் அசைவு போதவில்லை என்று பொருள்.

சூட்டுக்கு மேலே மின்விசிறி வைப்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம் என்பதால், கோயம்புத்தூர்க்காரர் தொட்டியில் குறைகிற அளவு நம் தொட்டியில் சூடு குறையாது. ஆவியான தண்ணீருக்கு ஈடாக ஆர்.ஓ. தண்ணீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புத் தண்ணீரை அல்ல. ஆவியில் உப்பு போவதில்லை.

ஐந்தாம் படி: சம்ப்பும் திரும்பிப் பாயும் தண்ணீரும்

ஊர் வந்து தொட்டி வைத்த இரண்டாம் வாரம். இரவில் கரண்ட் போனது. காலையில் எழுந்தால் ஹாலில் பாதம் நனையும் அளவு உப்புத் தண்ணீர். காரணம் என் அவசரம். ரிட்டர்ன் குழாயின் வாய் நீர்மட்டத்துக்கு வெகு கீழே இருந்தது. பம்ப் நின்றதும் அதே குழாய் வழியாகத் தண்ணீர் தலைகீழாகச் சம்ப்புக்கு இறங்கியிருக்கிறது.

கணக்குப் பார்த்துவிடுங்கள். குழாய் வாய் 5 செ.மீ. ஆழத்தில் இருந்தால், என் தொட்டியில் 90 × 45 × 5, அதாவது 20 லிட்டர் கீழே வரும். தொட்டி நீர் வழிந்து சம்ப்புக்கு இறங்கும் ஓவர்ஃப்ளோ பெட்டியிலும் குழாய்களிலும் நிற்பது தனி. சம்ப் 60 × 30 செ.மீ. என்றால் இந்த 20 லிட்டருக்கே 11 செ.மீ. காலி உயரம் வேண்டும். குழாய் வாயை நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே வையுங்கள். நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் 4 மி.மீ. துளை ஒன்று போட்டால், மட்டம் துளைக்கு இறங்கியதும் காற்று புகுந்து பாய்ச்சல் நிற்கும். அந்தத் துளை உப்பாலும் பாசியாலும் அடையும், மாதம் ஒருமுறை பல்குத்தும் குச்சியால் குத்திவிடுங்கள். ஒருவழி வால்வை மட்டும் நம்ப வேண்டாம், ஒரு சின்ன நத்தை மாட்டினாலே அது மூடாது.

எல்லாம் மாட்டியபின் நீங்களே பிளக்கைப் பிடுங்கிப் பத்து நிமிடம் பாருங்கள். சம்ப் நிரம்பி வழியவில்லை என்றால் நிம்மதியாகத் தூங்கலாம். அப்புறம், எல்லா ஒயரும் பிளக்குக்கு ஏறும் முன் ஒரு தொங்கல் விட்டு ஏற வேண்டும். ஒயரில் வழியும் தண்ணீர் அந்தத் தொங்கலின் அடியில் சொட்டிவிடும், பிளக்குக்குப் போகாது. 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாத இணைப்பில் கடல் தொட்டியை வைக்கவே வேண்டாம்.

ஆறாம் படி: ஓட்டத்தைக் கண்ணால் பார்ப்பது

மீன் தீனியைப் பொடித்து, தொட்டி நீரில் கலந்து, ஒரு சிரிஞ்சால் பம்ப்பின் முன் கொஞ்சம் விடுங்கள். விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத் துகள் போகும் வழியைப் பாருங்கள். கண்ணாடியில் 20 செ.மீ. தூரத்துக்கு இரண்டு டேப் ஒட்டி, அதைக் கடக்க எத்தனை நொடி என்று எண்ணுங்கள். சோவா, மஷ்ரூம் இருக்கும் இடத்தில் 3 முதல் 4 நொடி, அதாவது நொடிக்கு 5 முதல் 7 செ.மீ., நன்றாக இருக்கும். எஸ்.பி.எஸ். இருக்கும் மேல்பாறையில் ஒன்று, ஒன்றரை நொடியில் கடந்துவிட வேண்டும்.

துகள் எங்கே போய் உட்காருகிறது என்பதே உண்மையான கேள்வி. பொழி, அதாவது ஆறு கடலில் சேரும் முகம், அடைந்து கிடக்கும் மாதங்களில் பூவாறு பக்கம் போயிருந்தால் தெரியும். மணல் மேடு முகத்தை மூடியதும் ஆற்றுத் தண்ணீர் நின்று, நிறம் மாறி, வாடை வீசும். பொழி முறிந்து கடலோடு சேர்ந்தால் சில நாளில் தெளியும். தொட்டியின் மூலைகளும் அப்படித்தான். சிவப்புச் சளிபோல் பாசிப்படலம் எங்கே முதலில் விரிகிறதோ அங்கே பொழி அடைந்திருக்கிறது. மருந்து ஊற்றும் முன் பம்ப்பை 10 டிகிரி திருப்பிப் பாருங்கள்.

பவளங்களும் பேசும், கவனிக்கத்தான் வேண்டும். லெதர் பவளம் சில நாள் சுருங்கி, மேலே மெழுகுபோல் தோல் படரும். அது நோய் அல்ல, தோல் உரிக்கிறது. நல்ல ஓட்டம் இருந்தால் தோல் பறந்து போய், பாலிப் மறுபடி விரியும். ஓட்டம் இல்லாவிட்டால் அந்தத் தோலின் அடியிலேயே சதை அழுகத் தொடங்கும். மஷ்ரூம் ஓரம் சுருண்டு கிண்ணம்போல் ஆனாலோ, பாறையிலிருந்து கழன்றாலோ அதற்கு ஓட்டம் அதிகம். சோவா மூடியே கிடந்தால் இரண்டில் எதுவும் காரணமாகலாம். மேலே தூசி படிந்திருந்தால் ஓட்டம் குறைவு, சுத்தமாக இருந்தும் மூடியிருந்தால் பெரும்பாலும் அதிகம்.

டார்ச் பற்றி வருத்தத்தோடு எழுதுகிறேன். அதன் விரல்கள் காற்றில் நெற்கதிர் ஆடுவதுபோல் மெதுவாக ஆடி, திரும்பி வர வேண்டும். ஷார்ஜாவில் என்னிடம் பத்துத் தலைகள் உள்ள டார்ச் ஒன்று இருந்தது. அழகாகப் பறக்கிறதே என்று பம்ப்புக்கு நேராக வைத்தேன். விரல்கள் எப்போதும் ஒரே பக்கம் சாய்ந்து இழுபட்டன. மூன்றாம் வாரம், ஓட்டம் படும் பக்கத்தில் சதை கூரிய எலும்பு விளிம்பில் உரசி வெள்ளை தெரிந்தது. அடுத்த சில நாளில் தலை தலையாகக் கழன்றது. அழகாகப் பறக்கிறது என்று நான் நினைத்தது அது படும் பாடு.

ஒரு மாற்றம் செய்தால் அடுத்த மாற்றத்துக்கு ஒரு வாரமாவது பொறுங்கள். தினமும் பம்ப்பைத் திருப்பினால் பவளம் எதற்கு என்ன பதில் சொல்கிறது என்று நமக்குப் புரியாது.

தீனி போடும்போது

வேவ்மேக்கரை 10, 15 நிமிடம் நிறுத்தலாம், ரிட்டர்னையும் நிறுத்தினால் தீனி ஓவர்ஃப்ளோவில் போகாது. மறந்துவிடாமலிருக்க, தானாக மறுபடி ஓடும் வசதியுள்ள கன்ட்ரோலர் நல்லது. அனிமோன் என்ற பூப்போன்ற கடலுயிரை வைத்திருப்பவர்கள் பம்ப்பின் வாய்க்கு ஸ்பாஞ்சோ வலையோ கட்டியே ஆக வேண்டும். அது இடம் விட்டு இடம் நகரும். விசிறியில் சிக்கினால் ஒரே இரவில் தொட்டி முழுவதும் நஞ்சாகும்.

கரண்ட் போகும் இரவுகள்

துலா மாதம், ஐப்பசி மாலைகளில் இடி மின்னலோடு மழை வந்தால் எல்லையின் இரண்டு பக்கமும் கரண்ட் போகும். நம் பகுதியில் தொட்டி வைப்பவர் பம்ப்புக்கு முன்பே இதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பேன். பவளம் கொஞ்சம் தாங்கும். மீன் நிறைந்த தொட்டியில் ஓட்டம் நின்றால், அதுவும் இரவில், சில மணி நேரத்தில் மீன் மேலே வந்து வாய் திறக்கும்.

விளக்கு, ஸ்கிம்மர், ஹீட்டர் எதுவும் அந்த நேரத்தில் வேண்டாம். மேல்பரப்பை அசைக்க ஒரே ஒரு பம்ப் போதும். 24 வோல்ட் டி.சி. வேவ்மேக்கர் குறைந்த வேகத்தில் 10 வாட் இழுக்கும். 12 வோல்ட், 7 ஆம்பியர்-ஹவர் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்தால் 168 வாட்-ஹவர். ஈய பேட்டரியைப் பாதிக்குமேல் காலி செய்யக் கூடாது என்பதால் 84 என்று வைத்துக்கொண்டால் எட்டு மணி நேரம் ஓடும். முழு சார்ஜில் இந்த இரண்டும் சேர்ந்து 25, 26 வோல்ட் காட்டும், உங்கள் கன்ட்ரோலர் அதைத் தாங்குமா என்று முதலில் உறுதி செய்யுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் ஏ.சி. பம்ப் ஓட்டுபவர்கள் சைன் வேவ் இன்வெர்ட்டரா என்று பாருங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் பம்ப் உறுமும், சூடாகும். இது எதுவும் இல்லையென்றால் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் ஒன்றாவது அலமாரியில் இருக்கட்டும். அதுவும் இல்லாத இரவில், ஒரு ஜக்கால் தண்ணீரை மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருங்கள். நானும் மனைவியும் அப்படி மாறி மாறி விடிய விடிய ஊற்றியிருக்கிறோம். ஒரு மீன்கூடச் சாகவில்லை.

பல மணி நேரம் மூடிய கேனிஸ்டர் ஃபில்டரில் நின்ற தண்ணீரை, கரண்ட் வந்ததும் அப்படியே தொட்டிக்குள் விடாதீர்கள். திறந்து முகர்ந்து பாருங்கள். அழுகிய முட்டை வாடை இருந்தால் கொட்டிவிட்டு, உள்ளிருக்கும் பொருள்களைக் கழுவிப் பிறகு ஓட்டுங்கள்.

பராமரிப்பு

ஓட்டம் ஒரே நாளில் குறையாது, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால் கண்ணுக்குத் தெரியாது. விசிறியிலும் அச்சிலும் சுண்ணாம்பு கட்டும், இளஞ்சிவப்புப் பாசி ஒட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்ப்பைக் கழற்றி, வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்த வாளியில் ஒரு மணி நேரம் ஓட விடுங்கள். பிறகு பழைய பல் துலக்கியால் தேய்த்து, நல்ல தண்ணீரில் அலசி மாட்டுங்கள். இரண்டு பம்ப்பையும் ஒரே நாளில் எடுக்காமல் வாரத்துக்கு ஒன்றாகச் செய்யுங்கள். திரும்ப மாட்டிய பம்ப் புதிதுபோல் அடிக்கும். அதனால் அன்று மட்டும் வேகத்தை வழக்கத்தைவிடக் குறைத்துத் தொடங்கி, மூன்று நான்கு நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவாருங்கள்.

பவளம் வளர வளர அதுவே ஓட்டத்துக்குத் தடையாகும். ஒரு கையளவு வாங்கிய லெதர் இன்று என் தொட்டியில் சாப்பாட்டுத் தட்டு அளவு. அதன் நிழலில் இருந்த சோவாக்கள் மூடத் தொடங்கியபோது எனக்குப் புரிய இரண்டு வாரம் ஆனது. வருடத்துக்கு இரண்டு முறை தீனிப் பொடிச் சோதனையை முதலிலிருந்து செய்கிறேன். போன முறை செய்தபோது நீரோடி அண்ணனும் பக்கத்தில் இருந்தார். துகள் லெதரைச் சுற்றி வளைந்து போவதைப் பார்த்துவிட்டு, “இதுக்குப் பின்னாடி மண் கட்டும், நகத்திப் போடு தம்பி” என்றார். அன்றே லெதர் இருந்த பாறையை ஒரு சாண் தள்ளி வைத்தேன்.